ஊர்ப்புறத்துக் கல்வட்டத்தை ஏன் தோண்டாமல் வைத்திருக்கிறார்கள்?

கேள்வி செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. ஏரிக்கு மேற்கே சரளை மேட்டில், உருண்டைப் பாறைகளை வட்டமாக அடுக்கியது போலப் பல இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் தரை சற்று மேடிட்டிருக்கிறது. ஊரார் பாண்டவர் குழி என்கிறார்கள். இந்தியத் தொல்லியல் துறை நீலப் பலகை நட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, தங்கம் உண்டா, பக்கத்துப் பட்டா நிலத்தில் உழலாமா, வீடு கட்டலாமா, சும்மா கிடக்கும் மேட்டுக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று அந்த ஊர்க்காரர் கேட்டிருக்கிறார். இதே கேள்வியைக் கேட்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்த மேடு கல்லறை. தொல்லியலில் பெருங்கற்கால ஈமச்சின்னம் என்பார்கள். இரும்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மக்கள், தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியது. இவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடங்கும். சில இடங்களில் காலம் இன்னும் பின்னோக்கிப் போகிறது. உங்கள் மாவட்டமும் அதைச் சுற்றிய பகுதிகளும் இவ்வகைச் சின்னங்களுக்குப் பேர்போனவை. மதுராந்தகம் பக்கத்துச் சாணூரிலும், குன்னத்தூரிலும் 1950களிலேயே அகழாய்வு நடந்திருக்கிறது. உங்கள் மேட்டுக்குள் என்ன இருக்கக்கூடும் என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிவது அந்த வேலையால்தான்.

இவை ஏன் எப்போதும் சரளைக் காட்டிலேயே இருக்கின்றன என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். நீர் பாயும் நிலம் உயிரோடு இருப்பவர்களுக்கு வேண்டும். பயிர் ஏறாத கரடான மேடும் பாறை அடிவாரமும் இறந்தவர்களுக்குப் போயின. கீழே ஏரியும் வயலும் குடியிருப்பும், மேலே ஈமக்காடு என்ற அமைப்பை வட தமிழகத்தில் பல ஊர்களில் பார்க்கலாம். பின்னாளில் அந்த மேடுகள் புறம்போக்காகவே பதிவானதால்தான் இத்தனை காலம் தப்பித்தன. இன்று அந்தச் சரளைக்கே விலை வந்துவிட்டது என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

கட்டிய விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். கற்பதுக்கை என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிச் சரளையில் குழி வெட்டி, அடியில் ஒரு கற்பலகையைப் பரப்புவார்கள். நான்கு பக்கமும் நான்கு பலகைகளைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகம் போலத் தெரியும். வெளியிலிருந்து மண் எவ்வளவு அழுத்தினாலும் பலகைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், உள்ளே சரியாது. சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தாண்டியும் இப்படி நிற்கும் பதுக்கைகள் இருக்கின்றன. பல பதுக்கைகளில் கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு துளை இட்டிருப்பார்கள். இடுதுளை என்று பெயர். மேலே பெரிய மூடுகல். அதன்மீது கல்லும் மண்ணும் குவித்து, அந்தக் குவியல் சரியாதபடி சுற்றிலும் பாறை உருண்டைகளை நட்டால் கல்வட்டம் ஆயிற்று. நீங்கள் பார்க்கும் நடுமேடு, மழையில் அடங்கிப்போன அந்தக் கற்குவைதான். முதலில் அது இன்னும் உயரமாக இருந்திருக்கும்.

எல்லா வட்டத்துக்குள்ளும் பதுக்கை இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் பகுதியில் பலவற்றில் ஈமப்பேழை கிடைக்கும். சுட்ட மண்ணால் செய்த நீள்தொட்டி அது. அடியில் வரிசையாகக் கால்கள், மேலே மூடி. தெற்கே தாமிரபரணிக் கரைக்குப் போனால் கல்லே இல்லாமல் மண்ணுக்குள் பெரிய தாழிகள் புதைந்திருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் போன்ற இடங்களில் தரைக்கு மேலேயே கல்வீடு கட்டியது போலக் கற்திட்டைகள் நிற்கின்றன. குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர். கேரளத்தில் திருச்சூர் பக்கம் குடை விரித்தது போலக் குடைக்கல் வைத்திருக்கிறார்கள். ஒரே காலத்தில் ஒரே சமூகம்கூட ஒரே முறையில் புதைத்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாட்டைப் பற்றிய பகுதியில், சுடுவோர், அப்படியே இட்டுவிட்டுப் போவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்போர், தாழியில் கவிப்போர் என ஐந்து வகையினரும் ஒருங்கே வருகிறார்கள்.

இப்போது உள்ளே இருப்பவை. முழு எலும்புக்கூடு படுத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் உடலை முதலில் வெளியே விட்டு, பிறகு எலும்புகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கி வந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். சரளையில் மழைநீர் இறங்கி இறங்கி அந்தச் சிலவும் நைந்துபோயிருக்கும். ஒரே கல்லறையில் ஒன்றுக்கு மேற்பட்டவரின் எலும்புகளும் வரலாம்.

மட்கலங்கள் நிச்சயம் இருக்கும். உள்ளும் வாய்விளிம்பும் கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கும் கலம்தான் இக்காலத்தின் அடையாளம். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சூளையிட்டால் காற்றுப் படாத பகுதி கறுக்கும், பட்ட பகுதி சிவக்கும். மழைக்குப் பிறகு அந்த மேட்டில் ஓடு ஒன்று வெளியே தெரிந்தால் எடுக்காமல் குனிந்து அதன் உடைந்த விளிம்பைப் பாருங்கள்: இரண்டு நிறமும் ஒரே ஓட்டின் தடிமனுக்குள் அடுத்தடுத்து இருக்கும். கழுத்துப் பகுதியில் கீறிய குறியீடும் இருக்கலாம். அதைச் செய்த குயவர் தன் தொழிலில் கரைகண்டவர்.

அடுத்தது இரும்பு: வாள், ஈட்டிமுனை, கோடரி, உளி, அம்புமுனை. துருவேறிக் கட்டியாகியிருக்கும். சில இடங்களில் மணிகள். நொய்யல் கரையில் கொடுமணலில் ஒரே கல்லறையில் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த 2,220 மணிகள் கிடைத்தன. ஆனால் கொடுமணல் மணி செய்யும் தொழிற்கூடங்கள் நிறைந்த ஊர். எல்லா ஊரும் கொடுமணல் அல்ல.

தங்கம் பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆதிச்சநல்லூரில் பொற்பட்டங்கள் கிடைத்தது உண்மை. நெற்றியில் கட்டும் மெல்லிய தகடுகள் அவை. ஆங்கிலேயர் காலத்துத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூறாண்டுக்கு முன்பு கண்டெடுத்தார். 2022இலும் ஒன்று கிடைத்தது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கடப்பாரையோடு கிளம்புகிறவர்கள், அங்கு திறக்கப்பட்ட தாழிகளில் பெரும்பாலானவற்றில் தங்கமே இல்லை என்பதைக் கேட்பதில்லை. உங்கள் மேட்டைப் போன்ற கல்வட்டங்களில் கிடைப்பது பானையும் இரும்பும் எலும்புத் துண்டும். புதையல் தேடி இரவில் தோண்டியவர்கள் விட்டுச் சென்ற வட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் குழி, பக்கத்தில் கொட்டிய மண், அதில் உடைத்து வீசிய கறுப்பு சிவப்பு ஓடுகள், ஒருபுறம் புரட்டிப் போட்ட மூடுகல். பானை உடைந்தது அவர்களுக்குத் தங்கம் தேடும் வேகத்தில் தெரியவே இல்லை. ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

கொதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கல்லறையில் மதிப்பு மிக்கது எந்தப் பொருளும் அல்ல. எது எதற்குப் பக்கத்தில், எதன்மேல், எதற்குக் கீழே இருந்தது என்பதுதான். கலைத்துவிட்டால், கயிறு அறுந்து ஏடுகள் சிதறிய ஓலைக்கட்டு போலத்தான். ஏடு கையில் இருக்கும், வரிசை இருக்காது.

பழனிக்கு அருகில் உள்ள பொருந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-10 வாக்கில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே ஒரு கற்பதுக்கையைத் திறந்தார்கள். நான்கு கால் ஜாடி ஒன்றில் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே கல்லறையில், கலத்தைத் தாங்கும் பிரிமனை ஒன்றில், தமிழின் பழைய எழுத்துமுறையான தமிழ் பிராமியில் ‘வய்ர’ என்று எழுதியிருந்தது. உயிர்ப்பொருளில் எஞ்சிய கரிமத்தை அளந்து வயதைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்புக்கு நெல்லை அனுப்பினார்கள், கி.மு. 490 என்று விடை வந்தது. எழுத்தை அப்படி நேரடியாகக் கணிக்க வழியில்லை. நெல்லுக்குத் தேதி கிடைத்து, நெல்லும் எழுத்தும் கலையாத ஒரே அறைக்குள் இருந்ததால், எழுத்துக்கும் அந்தத் தேதியைச் சொல்ல முடிந்தது. தமிழ் பிராமியின் காலம் குறித்த விவாதத்தையே அது திசை திருப்பியது. புதையல் தேடுகிறவன் ஒருவன் முன்பே அந்த அறைக்குள் இறங்கியிருந்தால் நெல்லை முதலில் வெளியே அள்ளிக் கொட்டியிருப்பான். அது அவனுக்குக் குப்பை.

இப்படித்தான் மற்றவையும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்ற காலம் கிடைத்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அதே சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதி வரை கொண்டுபோகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172; வந்தவாசிப் பக்கத்துக் கீழ்நமண்டி ஈமப்பேழைக்குக் கி.மு. 1692. இவ்வளவு பழைய தேதிகள் இன்னும் பல இடங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்தால்தான் உலக அறிஞர்களிடையே நிலைபெறும் என்பது என் கருத்து. அதற்கு வேண்டியவை கலையாத கல்லறைகள். உங்கள் ஊர் மேடு அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

அப்படியானால் துறையே தோண்டிப் பார்த்துவிடலாமே என்பது உங்கள் அடுத்த கேள்வி. தோண்டுவதும் அழிப்பதுதான். ஒருமுறை திறந்த கல்லறையை மீண்டும் மூடி இன்னொரு முறை ஆராய முடியாது. ஆதிச்சநல்லூரைப் பாருங்கள். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில பருவங்கள் தோண்டினார். அவர் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அக்கறையோடு பதிவு செய்தவர்தான் ரீ, அதில் சந்தேகமில்லை. ஆனால் கரிமக் காலக்கணிப்பு என்ற முறையே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தது. ரீயின் காலத்தில் கரித்துண்டுக்கும் உமிக்கும் ஒரு மதிப்பும் இல்லை. மண்ணோடு மண்ணாகப் போயின. எலும்பிலிருந்து மரபணு எடுக்கலாம் என்று அன்று யாரும் கனவுகூடக் கண்டதில்லை. இன்று கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகைத் தாழிகளில் கிடைத்த எலும்புகளை மரபணு ஆய்வுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளிலிருந்து முகங்களையே கணினியில் வரைந்து காட்டியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து வருபவர்களிடம் நம்மிடம் இல்லாத கருவிகள் இருக்கும். அவர்களுக்கும் சில கல்லறைகளை விட்டுவைப்பது ஆய்வு முறையின் ஒரு பகுதி, சோம்பல் அல்ல.

இன்னொன்றும் உண்டு. தோண்டினால் மட்டும் போதாது, எழுத வேண்டும். ஆதிச்சநல்லூரில் 2004-05இல் மீண்டும் அகழாய்வு நடந்தது; தாழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வந்தன. அதன் முழு அறிக்கைக்குத் தமிழ்நாடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. தோண்டி எழுதாமல் வைப்பதைவிடத் தோண்டாமல் விடுவது எவ்வளவோ மேல். அங்கே குழிகளின்மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை எடுக்காமல் இருந்த இடத்திலேயே மக்கள் பார்க்கும்படி செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. போய்ப் பாருங்கள், உங்கள் மேட்டை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

சட்டத்துக்கு வருவோம். நீலப் பலகையில் இந்தியத் தொல்லியல் துறையின் பெயர் இருந்தால், பொருந்துவது 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். தமிழ்நாடு தொல்லியல் துறையின் பலகை என்றால் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், விதிகள் வேறு. உங்களுடையது மத்தியத் துறையுடையது என்பதால் அதையே சொல்கிறேன். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்ததால் நிலம் அரசுக்குப் போய்விட்டது என்று அர்த்தமல்ல. பட்டாதாரர் பட்டாதாரராகவே இருக்கலாம். உழவைச் சட்டம் தடுக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே பயிர் செய்யலாம், மேல்மண்ணில் ஓர் அடிக்கு மேல் தோண்டாத வரை. ஏர் உழவுக்கு அது போதும். ஆழ உழும் டிராக்டர் கலப்பையும் தென்னங்குழியும் அந்த அளவைத் தாண்டிவிடும். கல் உடைப்பது, வெடி வைப்பது, மண் அள்ளுவது, கட்டடம் எழுப்புவது ஆகியவை அனுமதியின்றிக் கூடாது.

பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய வீடு கட்ட முடியாது. ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுது பார்க்க அனுமதி கேட்கலாம். அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றுக் கட்டலாம். பொதுக் குடிநீர், மின்சாரம், வடிகால் பணிகளைச் சட்டம் கட்டுமானமாகக் கணக்கில் எடுப்பதில்லை. சொந்தக் கிணறு, ஆழ்துளைக் கிணறு என்றால் முதலில் எழுத்தில் கேட்டுப் பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த நிலத்தில் ஏதாவது பழம்பொருள் கிடைத்தாலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு.

இந்த 100 மீட்டர் கட்டுப்பாடு சில குடும்பங்களுக்கு உண்மையாகவே கஷ்டம். மகளுக்குக் கல்யாணம், மகனுக்குத் தனி வீடு என்று வரும்போது ஒரு கல்மேட்டைக் காட்டி அனுமதி மறுத்தால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பலகை நடும்போதே எந்த சர்வே எண்கள் அடங்கும், எல்லை எங்கே தொடங்குகிறது என்று ஊர்க் கூட்டத்தில் வரைபடத்தோடு விளக்கியிருந்தால் பாதிப் பிரச்சினை எழாது. பல இடங்களில் அது நடக்கவில்லை. நீங்கள் கேட்டுப் பெறலாம்: அறிவிக்கையின் நகலைத் தொல்லியல் துறையின் வட்ட (சர்க்கிள்) அலுவலகத்தில் கேளுங்கள். அதில் சர்வே எண் இருக்கும். ஊரில் பேசிக்கொள்ளும் எல்லைக்கும் அதில் உள்ள எல்லைக்கும் சில சமயம் பெரிய வித்தியாசம் இருக்கும்.

சிதைவு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புதையல் ஆசை அதில் சிறு பங்குதான். பொக்லைன் வைத்துச் சரளை அள்ளுவதில் ஒரே இரவில் மேடே காணாமல் போகிறது. மனைப்பிரிவு போடுகிறவர்கள் பாறைகளைப் புரட்டிச் சமன் செய்கிறார்கள். மூடுகற்கள் வாய்க்கால் பாலமாகவும் திண்ணைக் கல்லாகவும் போய்ச் சேர்ந்த ஊர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடு நடக்கும் கேடும் இருக்கிறது: புறம்போக்கு சும்மா கிடக்கிறதே என்று மரக்கன்று நடக் குழி எடுப்பார்கள். குழி வட்டத்தின் நடுவில் விழும், ஏனென்றால் அங்கேதான் மண் இளகியிருக்கும். பிறகு வேர் இறங்கிப் பலகைகளைப் பிளக்கும். உங்கள் ஊரில் அப்படி ஒரு திட்டம் வந்தால் மரத்தை ஏரிக்கரையில் நடச் சொல்லுங்கள். ஆடு மாடு மேய்வதால் எந்தக் கெடுதியும் இல்லை. மேய்ச்சல் உள்ள மேட்டில் முள் மண்டாமல் இருப்பதால் எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பலகைக்குள் வராத வட்டங்கள் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் உள்ள ஈமச்சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பலகை கிடையாது. கோடையில் புல் காய்ந்த பிறகு, வெயில் சாயும் நேரத்தில் மேட்டைச் சுற்றி நடங்கள். நிழல் நீளும்போது தரையோடு தரையாகப் போன வட்டமும் தெரியும். கல்லை நகர்த்தாமல், ஓட்டைப் பொறுக்காமல், வட்டத்தின் குறுக்களவை எடுத்து, வெளியே தெரியும் கற்களை எண்ணி, வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்துப் புகைப்படம் எடுங்கள். சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் மனுவாகக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த மேட்டில் சரளை எடுக்க உரிமம் கேட்டு விண்ணப்பம் வந்தால், அங்கே கல்லறைகள் இருப்பது அரசுக் கோப்பில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும்.